ஊதா முத்திரை

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஜெலுத்தோங் வீதிக்குள் “சூராட் காபார் லாமா” என்று ஒலிபெருக்கியில் இழுத்துக் கூவியபடி ஒரு லோரி நுழையும். அக்கம்பக்கத்தார் பழைய நாளிதழ்க் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் லோரிக்குப் பின்னால் ஓடுவேன். லோரிக்காரச் சீனப் பெரியவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்றாலும், பல ஆண்டுப் பழக்கத்தில் தமிழ்ப் புத்தகம் எது என்று அட்டையைப் பார்த்தே கண்டுகொண்டு, எனக்காக ஒரு பெட்டியில் தனியே போட்டு வைத்திருப்பார். வீடுகளில் கிலோவுக்கு 30 காசு கொடுத்து எடுப்பதை என்னிடம் கிலோ 2 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) கொடுக்கிறார். பினாங்கில் ஒரு பழைய தமிழ்ப் புத்தகத்திற்கு இருக்கும் முதல் சந்தை விலை இதுதான். இதற்குமேல் ஏறுகிற ஒவ்வொரு காசும், யாரோ ஒருவர் அதைத் திறந்து பார்த்ததால் ஏறியது.

பகலில் சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. பழைய புத்தகம் வாங்கி விற்பது மாலை நேரத்துத் தொழில். தொழில் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் மிகைதான், ஏனென்றால் வருகிற வரவு பெரும்பாலும் அடுத்த பெட்டியை வாங்குவதற்கே போய்விடுகிறது. ஆனாலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக விடாமல் செய்து வருவதால், இந்த ஊருக்குள் தமிழ்ப் புத்தகங்கள் எப்படி வந்தன, எப்படி வெளியே போகின்றன என்பது ஓரளவு புரிந்திருக்கிறது.

வந்தது பெரும்பாலும் கப்பலில். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குப் போன ‘ரஜூலா’வில் வந்தவர்களின் தகரப் பெட்டிகளில், வேட்டிக்கும் ஊறுகாய்ச் சாடிக்கும் நடுவே, தேவாரமும் பஞ்சாங்கமும் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களும் இருந்தன. வெளியே போனதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. 1969ஆம் ஆண்டை ஒட்டி, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சிக்கல் முற்றியபோது, தோட்டங்களை விட்டுத் தாயகம் திரும்பிய குடும்பங்கள் புத்தகத்தைச் சுமந்துகொண்டு போகவில்லை. பிறகு 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காலாவதியானது. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் பல பத்தாண்டுகளாகச் சொற்ப வாடகையில் குடியிருந்தவர்கள் ஒரே மூச்சில் காலி செய்ய நேர்ந்தது. அந்த ஆண்டுதான் நான் இந்த வேலைக்குள் விழுந்தேன். பரண்களிலிருந்து இறங்கிய மூட்டைகள் ஐந்தடிப் பாதையில் மழையில் நனைந்து கிடந்ததை இரண்டு கண்ணாலும் பார்த்தவன் நான். எட்டு ஆண்டு கழித்து யுனெஸ்கோ இந்த நகரை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது சுவர்களுக்குப் புதுச் சுண்ணாம்பு கிடைத்தது. பரணில் இருந்தவை அதற்குள் கூழாகியிருந்தன.

என் பள்ளிக்கூடம் சௌராஸ்தா சந்தையின் மாடி. கீழே மீனும் இறைச்சியும் ஊறவைத்த சாதிக்காயும் விற்க, மேலே பழைய புத்தகக் கடைகள். அங்கே பெரும்பாலும் பள்ளிப் பாடநூல்களும் ஆங்கில நாவல்களும்தான் ஓடும்; தமிழ்ப் புத்தகம் அடியில், தரையோடு ஒட்டிய வரிசையில் இருக்கும். கடை வைத்திருந்தவர்களில் ஒருவரை நான் நானா என்றே அழைத்தேன். நாகூரிலிருந்து வந்தவரின் மகன். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். ஆனால் ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தால் தலைப்பைப் பார்க்கவே மாட்டார். பின்னட்டையை முதலில் திருப்புவார்.

அதன் காரணத்தை ஒரு நாள் கண்ணெதிரே காட்டினார். பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர் ஒரு சிறு பக்திப் பாடல் நூலைக் கொண்டுவந்து 800 வெள்ளி கேட்டார். முகப்பில் ‘சர்வதாரி வருஷம் ஆவணி மாதம்’ என்று மட்டும் இருந்தது, ஆங்கில ஆண்டு இல்லை. அது 1888 என்று யாரோ படித்தவர் அவருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார். கணக்கு தப்பில்லை. ஆனால் தமிழ் வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருவது. 1888 சர்வதாரி என்றால் 1948உம் சர்வதாரிதான். நானா புத்தகத்தைத் திருப்பினார். பின்னட்டையில் ஒரு துணிக்கடை விளம்பரம், அதன் கீழே நான்கு இலக்கத் தொலைபேசி எண், ‘மலாயா’ என்று முடியும் முகவரி. உள்ளே ஆசிரியரின் புகைப்படம், நுண்புள்ளிகளால் ஆன அச்சுப் படம். “தம்பி, எண்பத்தெட்டுல இந்த ஊர்ல புடவக் கடைக்காரன் போன் எடுத்துப் பேசுவானா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாரே தவிர, வந்தவரை ஒரு வார்த்தை குத்தவில்லை. 40 வெள்ளி கொடுத்து வாங்கிக்கொண்டார். 1948இல் பினாங்கில் அச்சான பாடல் நூலுக்கு அது நியாயமான விலையா என்பதை நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எழுத்தின் வடிவமும் காலம் சொல்லும். யானைத் துதிக்கை போல் மேலே வளைந்த பழைய ‘லை’யும் ‘னை’யும், கீழே சுழித்த பழைய ‘றா’வும் இருந்தால், தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தைய அச்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஐம்பதுகளின் முதற்பதிப்பு என்று சொல்லிக் கொடுக்கப்படுகிற புத்தகத்தில் புதிய ‘லை’ இருந்தால், மறுபதிப்பை முதற்பதிப்பின் அட்டைக்குள் தைத்திருக்கிறார்களா என்று சந்தேகப்பட வேண்டும். இதற்கும் விலக்கு உண்டு. பெரியாரின் ‘குடி அரசு’ 1935இலேயே சீர்திருத்த எழுத்தைக் கையாளத் தொடங்கிவிட்டதால், இயக்க வெளியீடுகளை இந்த அளவுகோலால் அளக்க முடியாது. மலாயாவில் இயக்கம் வேரூன்றிய தோட்டங்களும் நகரங்களும் இருந்தபடியால் அத்தகைய சிறு வெளியீடுகள் இங்கே நிறையவே கைக்கு வரும்.

வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றேதான். இந்நாட்டின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படும், 1917இல் வெளிவந்த க. வெங்கடரத்தினத்தின் ‘கருணாசாகரன்’ இருக்கிறதா என்பார்கள். இல்லை. இருபது ஆண்டுக்கு மேலாகியும் அதன் ஒரு தாளைக்கூட நான் தொட்டதில்லை. அடுத்து, 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ நாளிதழின் பழைய இதழ்களைக் கேட்பார்கள்; அவை வருவதுண்டு, பெரும்பாலும் வேறு எதையோ சுற்றிய காகிதமாக. இராம சுப்பையா தொகுத்து மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969இல் வெளியிட்ட ‘தமிழ் மலேசியானா’ என்ற நூற்பட்டியலைத்தான் நான் எப்போதும் கையருகே வைத்திருக்கிறேன். இங்கும் சிங்கப்பூரிலும் அச்சான தமிழ் நூல்களைத் திரட்டிய அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு நூல் பெட்டியில் கிடைத்தால், அன்றைக்கு எனக்கு இரவுச் சாப்பாடு இறங்காது.

சாப்பாடு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் ஊர் ஈரத்தில் புத்தகப் பூச்சி ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்குத் தாவ ஒரு வாரம் போதும். மருந்தடிப்பது தாளுக்கும் மூச்சுக்கும் ஆகாது என்பதால், புதிதாக வருகிற புத்தகங்களைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு வாரம் உறைபெட்டியில் வைத்துவிடுவேன். கடுங்குளிரில் பூச்சியும் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் வைக்க வேண்டும், இல்லையென்றால் தாளில் வேர்க்கும். “கெம்போங் மீனுக்கு எடமில்ல, திருவாசகத்துக்கு எடமிருக்கு” என்று என் மனைவி சொல்வதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அச்சுப் புத்தகத்தைவிடக் கையெழுத்துப் பொருளில்தான் மனம் அதிகம் தடுமாறுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் புலாவ் தீக்குஸில் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்த ஓர் ஆச்சி, வீட்டை ஒழிக்கும்போது என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவருடைய மாமனார் பினாங்கு வீதியில் இருந்த செட்டியார் கிட்டங்கி (வட்டிக்கடை) ஒன்றில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, ஏஜெண்டாக உயர்ந்தவராம். ஒரு மரப்பெட்டி நிறையப் பேரேடுகள். சிவப்புத் துணியில் சுற்றிய முதல் ஏட்டின் தலைப்பில் பிள்ளையார் சுழி, ‘சிவமயம்’, அதன் கீழே ‘விபவ ௵ தை ௴’. அதாவது 1929ஆம் ஆண்டின் தொடக்கம்.

கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் அந்த ஏட்டை என்னால் கீழே வைக்க முடியவில்லை. வருஷத்திற்கு ௵, மாதத்திற்கு ௴, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸ என்று ஒற்றைக் குறியில் ஒரு சொல்லையே அடக்கிவிடும் எழுத்து. எண்களும் தமிழ் எண்களே. பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱. பின்னங்கள் மா, காணி, முந்திரி வரைக்கும் இறங்குகின்றன; முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. வட்டியை அந்த அளவுக்கு நறுக்கிக் கணக்கிட்டிருக்கிறார்கள். சுக்கில வருஷத்தின் பிற்பாதியிலிருந்து வரவுக் குறி கொண்ட வரிகள் மெலிந்து போகின்றன. பிரமோதூத வருஷத்தில் சில பக்கங்களில் பற்று மட்டுமே நிற்கிறது, எதிர்ப்பக்கம் வெறுமை. ரப்பர் விலை சரிந்து உலகமே மந்தத்தில் விழுந்த 1930ஐ நான் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஒரு பத்தி வெறுமையாக இருப்பதைப் பார்த்து அது புரிந்தது அன்றுதான்.

ஆச்சி காப்பியை வைத்துவிட்டு, “தம்பி, அதுல காசு பணம் ஒண்ணுமில்ல. எல்லாம் வராத கடன். கரையான் ஏறுறதுக்குள்ள எடுத்துக்கிட்டுப் போங்க” என்றார். சும்மா எடுத்துப் போகச் சொல்கிற இடத்தில்தான் இந்தத் தொழிலில் கை கூசும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விற்றால் என்ன கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நான் எனக்கு வைத்துக்கொண்டிருக்கும் வழக்கம் ஒன்று உண்டு: விற்றால் எவ்வளவு வரும் என்று நினைக்கிறேனோ அதை வாய்விட்டுச் சொல்லி, அதில் பாதியைக் கொடுத்துவிடுவது. மீதிப் பாதி என் லாபம் என்று சொல்வார்கள். உறைபெட்டி மின்சாரம், பட்டர்வொர்த்துக்குப் படகுச் சீட்டு, விற்காமல் தங்கிப்போகிற ஐந்தில் நான்கு பங்கு எல்லாம் அதற்குள்தான் அடக்கம். ஆச்சி தொகையைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. “வராத கடனுக்கு இவ்வளவா?” என்று சிரித்தார்.

அந்தப் பேரேடுகளை நான் இன்னும் விற்கவில்லை. அவற்றில் கடன்பட்டவர்களின் பெயர், ஊர், தகப்பன் பெயர் எல்லாம் இருக்கின்றன. அவர்களில் சிலரின் பேரப்பிள்ளைகளுக்கு இதே ஊரில் கடை இருக்கிறது, நானே அவர்களிடம் மளிகை வாங்குகிறேன். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்துகொண்டே வாழ்நாள் முழுதும் அச்சுத்தாள் சேர்த்த ரோஜா முத்தையாவின் தொகுப்பு, 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையிலேயே ஒரு நூலகமாக நிலைத்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள். அப்படி ஒரு கை இங்கே நீண்டிருந்தால் நான் யோசித்திருக்க மாட்டேன். நூலகத்திற்குக் கொடையாகக் கொடுக்கலாமே என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: நண்பர் ஒருவர் தம் தகப்பனாரின் இருநூறு நூல்களை ஒரு நூலகத்திற்குக் கொடுத்தார்; நான்கே ஆண்டில் அவற்றில் பதினேழு, ‘நீக்கப்பட்டது’ என்ற முத்திரையோடு, லோரிக்காரரின் பெட்டியில் எனக்கே வந்து சேர்ந்தன.

ஓலைச் சுவடிக்கு நான் பெரும்பாலும் கையே நீட்டுவதில்லை. போகர் கைப்பட எழுதியது, ஐந்நூறு ஆண்டுப் பழமை என்று ஒருவர் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பனையோலை நம் தட்பவெப்பத்தில் முந்நூறு, நானூறு ஆண்டு தாங்கினாலே பெரிது. அதனால்தான் நம் முன்னோர் ஏட்டைப் படியெடுத்துப் படியெடுத்துக் காப்பாற்றினார்கள். அந்த ஓலையில் மெய்யெழுத்துகளுக்கு ஒழுங்காகப் புள்ளி வைத்திருந்தது. ஓலை கிழியும் என்று பழைய ஏடெழுதிகள் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. புள்ளியில்லாத ஏட்டைப் படிக்கத்தான் தனிப் பயிற்சியே வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு எகரமும் ஏகாரமும் இன்று போலவே வேறுபட்டிருந்தன. அந்த வேறுபாடு வீரமாமுனிவர் செய்த திருத்தம். அவர் இறந்தது 1747இல். மஞ்சளும் ஊமத்தைச் சாறும் விளக்குக் கரியும் ஏறி மங்கிய நிறத்திற்குப் பதிலாக, தேயிலைத் தண்ணீரில் தோய்த்தது போன்ற சீரான பழுப்பு. நான் இதையெல்லாம் அவரிடம் விளக்கவில்லை. விளக்கினால் அடுத்த முறை புள்ளி வைக்காமல் செய்துகொண்டு வருவார்கள். (இங்கே எழுதிவிட்டேனே என்றால், செய்கிறவர்கள் இவ்வளவு நீளமான கட்டுரை படிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான்.) உண்மையான ஏடாகவே இருந்தாலும் வழி எளிதல்ல. இந்தியாவில் 75 ஆண்டு கடந்த கையெழுத்துப் படி 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுவர முடியாது. இங்கும் மரபுப் பொருளை வெளியே அனுப்ப 2005ஆம் ஆண்டு மரபுச் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். எப்போது, யார் வழியாகக் கடல் தாண்டி வந்தது என்று சொல்ல முடியாத ஏட்டைத் தொடாமல் இருப்பதே எனக்கு நிம்மதி.

என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லாமல் இதை எழுதி முடிக்க முடியாது. தொடக்க காலத்தில் கெடாவிலிருந்து வந்த பெட்டியில் சென்னையில் அச்சான ஓர் இலக்கண உரைநூல் இருந்தது. நல்ல கட்டு, ஒரு தாளும் உதிரவில்லை. முகப்புப் பக்கத்தில் மட்டும், நடுவில், முட்டை வடிவ ஊதா முத்திரை: ஒரு ரப்பர் தோட்டத்தின் பெயர், அதன் கீழே ‘தொழிலாளர் படிப்பகம்’. அதே பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் வரிசையாகச் சில பெயர்களும் தேதிகளும், எடுத்துப் போனவர்களின் கணக்கு. சென்னையில் இருக்கும் சேகரிப்பாளர் ஒருவர் அந்த நூலைக் கேட்டார். படி சுத்தமாக இருந்தால் விலை கூட்டித் தருவதாகச் சொன்னார். நான் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து, பென்சிலை அழிப்பானால் துடைத்து, முத்திரையைப் பிளேடால் இழை இழையாகச் சுரண்டினேன். வேலை சுத்தமாக அமைந்தது என்று பெருமைப்பட்டதும் உண்மை. 250 வெள்ளி வந்தது.

மூன்று ஆண்டு கழித்துக் கோலாலம்பூரிலிருந்து ஓர் ஆய்வு மாணவி வந்தார். தோட்டத்துப் படிப்பகங்களில் பால்மரம் வெட்டியவர்கள் என்ன படித்தார்கள் என்பது அவருடைய ஆய்வு. அந்தத் தோட்டத்தின் பெயரையும் சொன்னார். தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டு, இப்போது அங்கே வீடமைப்புத் திட்டம் இருக்கிறதாம். படிப்பகம் இருந்தது என்று முதியவர்கள் சொல்கிறார்களே தவிர, காட்ட ஒரு துண்டுத் தாள் இல்லை. “அண்ணே, முத்திரை குத்துன புத்தகம் ஒண்ணு கெடச்சாக்கூடப் போதும்” என்றார். அந்த இலக்கண நூலின் சுத்தமான படி சென்னையில் பழைய புத்தகக் கடைக்குக் கடை கிடைக்கும். ரப்பர் வெட்டுகிறவர் ஒருவர் கடன் வாங்கிப் போய் இலக்கணம் படித்தார் என்பதற்கான சாட்சி, நான் பிளேடு பிடித்த அந்த ஒரு தாளில்தான் இருந்தது. அந்த மாணவிக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். விஷயத்தைச் சொல்ல எனக்கு இன்னும் இரண்டு சந்திப்புகள் தேவைப்பட்டன.

அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்திலிருந்தும் நான் எதையும் துடைப்பதில்லை. பள்ளிப் பரிசுச் சீட்டு, கிராணியின் (தோட்டத்து எழுத்தரின்) கையொப்பம், பேருந்துச் சீட்டு, பிள்ளை பிறந்த நேரம், பாக்கிக் கணக்கு எல்லாவற்றையும் விற்பனைக் குறிப்பில் அப்படியே எழுதிவிடுகிறேன். சிலர் இதற்காக விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள். கூட்டியிருக்கிறேன் என்று பதில் சொல்கிறேன்.

சென்ற மாதம் அந்தச் சென்னைச் சேகரிப்பாளருக்கு எழுதி, முகப்புத் தாளின் பின்பக்கத்தை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டேன். முத்திரை மை பழைய தாளில் ஊறிப் பின்பக்கம் வரை போயிருக்கும் என்று நானா ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்திருந்தது. படம் வந்தது. கண்ணாடியில் திருப்பிப் பார்த்தபோது, நான் சுரண்டிய இடத்திற்கு நேர் பின்னால், மங்கிய ஊதாவில் ‘படிப்ப’ வரைக்கும் தெரிகிறது. தோட்டத்தின் பெயரில் கடைசி மூன்று எழுத்தும் தெரிகின்றன. புத்தகத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ள விரும்புவதாக எழுதினேன். ஏன் என்று கேட்டார், மறைக்காமல் சொன்னேன். இப்போது 900 வெள்ளி கேட்கிறார்.